நாற்பதுக்கு மேல் மறுபடியும் குதிரைச் சவாரி: எதைப் படித்தால் உதவும்?

ஏற்காட்டுப்பெண்:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி நாட்களில் ஏற்காட்டில் குதிரை ஓட்டியவள் நான். அப்பா காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தார். அங்கிருந்த ஒரு மட்டக்குதிரை மேல்தான் பழகினேன். முறையாக யாரும் சொல்லித் தரவில்லை. அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று அது அப்படியே நின்றுவிட்டது. இப்போது சேலத்தில் குடியிருக்கிறோம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால், ஊருக்கு வெளியே ஒரு பயிற்சி இடத்தில் சனி, ஞாயிறு காலையில் சேர்ந்திருக்கிறேன்.

பயிற்சியாளர் பொறுமையானவர். ஆனால் கூடப் படிப்பவர்கள் எல்லாம் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். "குதிகாலை இறக்கு, நிமிர்ந்து உட்கார்" என்று அவர்களுக்குச் சொல்வதுதான் எனக்கும். சொன்னவுடன் அவர்கள் உடம்பு கேட்கிறது, என் உடம்பு கேட்பதில்லை. குதிரை நடக்கும்போது நன்றாக இருக்கிறேன். ட்ராட், அதாவது துள்ளலான மெதுவோட்டம், ஆரம்பித்ததும் இடுப்பு இறுகி, மூச்சு நின்று, கை தானாகக் கடிவாளத்தை இழுக்கிறது. எனக்கு எதையும் படித்துப் புரிந்துகொண்டால்தான் மனதில் நிற்கும்.

தேடிப் பார்த்தால் ஒன்று குழந்தைகளுக்கான படப் புத்தகம், இல்லையென்றால் ஒலிம்பிக் போட்டிக்குப் போகிறவர்களுக்கான புத்தகம். நடுவயதில் திரும்பி வருகிறவர்கள் எதைப் படிக்கலாம்? ஆங்கிலம் பரவாயில்லை. தமிழில் இருந்தால் இன்னும் சந்தோஷம்.

ஐந்துரோடு:

அக்கா, புத்தகம் எதற்கு? யூடியூபில் எல்லாமே இருக்கிறது. ட்ராட்டில் எப்படி எழும்பி உட்கார வேண்டும் என்பதை மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் வரி படிப்பதை விட ஒரு நிமிடம் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

கன்னங்குறிச்சி:

தம்பி சொல்வது புதிதாகக் கற்பவர்களுக்குச் சரி. திரும்பி வருகிறவர்களின் பிரச்சினை வேறு. என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியும், கண்ணால் பார்த்தும் இருக்கிறோம். உடம்பு ஏன் செய்ய மறுக்கிறது என்பதுதான் தெரியாது. வீடியோவில் வருகிறவரின் இடுப்புக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதை வார்த்தையில்தான் சொல்ல முடியும்.

நான் கல்லூரி நாளில் சென்னை வேப்பேரியில் என்சிசி குதிரைப் பிரிவில் பழகியவன். பிறகு நீண்ட இடைவெளி. ஐம்பதுக்கு மேல் மறுபடி ஏறினேன். எனக்கு உதவிய முதல் புத்தகம் சாலி ஸ்விஃப்ட் எழுதிய 'சென்டர்டு ரைடிங்', 1985இல் வந்தது. அந்த அம்மாவுக்குச் சிறு வயதிலேயே முதுகெலும்பு வளைந்திருந்தது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி வலியில்லாமல் உட்காருவது என்று தேடித் தேடிக் கண்டுபிடித்ததைத்தான், வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். அதனால்தான் அந்தப் புத்தகம் நம்மைப் போன்றவர்களிடம் பேசுகிறது. எழுதியவரின் உடம்பும் சொன்னவுடன் கேட்கிற உடம்பு இல்லை.

அதில் அடிப்படை நான்குதான். கண்ணை ஒரே புள்ளியில் குத்திட்டு வைக்காமல் சுற்றிலும் விரித்துப் பார்ப்பது. மூச்சை அடிவயிறு வரை விடுவது. உடம்பின் நடுப்புள்ளியைத் தொப்புளுக்குக் கீழே உணர்வது. பாதம், இடுப்பு, தோள், தலை ஒன்றன்மேல் ஒன்றாக நேர்வரிசையில் இருப்பது. படிக்க எளிமையாகத் தெரியும். ஆனால் ட்ராட்டில் மூச்சு நிற்கிறது என்கிறீர்களே, அதற்கு நேரான மருந்து இரண்டாவதில் இருக்கிறது. மூச்சைப் பிடித்தால் வயிறும் தொடையும் இறுகும், அந்த இறுக்கம் சேணம் வழியாகக் குதிரையின் முதுகுக்குப் போகும், அதுவும் முதுகை இறுக்கிக்கொண்டு குட்டையாகக் குதிக்கும், நீங்கள் இன்னும் அதிகமாகத் தூக்கிப் போடப்படுவீர்கள். வாயை லேசாகத் திறந்து சத்தமாக மூச்சு விட்டுப் பாருங்கள். குதிரையின் காது உங்கள் பக்கம் திரும்புவது தெரியும்.

குதிகால் விஷயமும் அப்படித்தான். குதிகாலைப் பலமாகக் கீழே அழுத்தினால் கணுக்கால் பூட்டிக்கொள்ளும், முழங்காலும் பூட்டிக்கொள்ளும். இடுப்பு மூட்டு தளர்ந்தால் எடை தானாக இறங்கிக் குதிகாலுக்கு வரும். "குதிகாலை இறக்கு" என்பது கடைசியில் கிடைக்கிற பலன். பிள்ளைகளுக்கு இடுப்பு ஏற்கெனவே தளர்வாக இருப்பதால் அவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

படிக்கும் முறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், புத்தகத்தை விட இதுதான் முக்கியம். முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் படித்துவிட்டுக் குதிரையில் ஏறாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு விஷயம். முந்தின நாள் இரவு இரண்டு பக்கம் படித்து, காலையில் அந்த ஒன்றை மட்டும் சேணத்துக்கு எடுத்துப் போங்கள். கண் என்றால் அன்றைக்குக் கண் மட்டும். குதிரை மேல் உட்கார்ந்து ஐந்து விஷயத்தை நினைத்தால் ஒன்றும் நடக்காது.

ஏற்காட்டுப்பெண்:

அண்ணா, மிக்க நன்றி. குதிகால் பற்றிச் சொன்னதைப் படித்ததும் எழுந்து நின்று செய்து பார்த்தேன். அழுத்தினால் முழங்கால் இறுகுவது தரையிலேயே தெரிகிறது!

இன்னொன்று கேட்க வேண்டும். சின்ன வயதில் இல்லாத பயம் இப்போது இருக்கிறது. விழுந்தால் கை உடைந்தால் வீட்டை யார் பார்ப்பது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. இதற்குப் படிக்க ஏதாவது இருக்கிறதா?

நாமக்கல்_கால்நடை:

நான் கால்நடை மருத்துவர். பயத்துக்கு நான் சொல்லும் வழி, குதிரையைப் பற்றிப் படியுங்கள் என்பதுதான். சவாரியைப் பற்றி அல்ல, குதிரையைப் பற்றி. எதற்கு எப்போது மிரளும் என்று தெரிந்த ஆளுக்குப் பாதிப் பயம் போய்விடும்.

சில உதாரணம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டமும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும், வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. அதனால்தான் தோள் பக்கமாக, பேசிக்கொண்டே அணுகச் சொல்கிறோம். குதிரை இரை விலங்கு. முதலில் ஓடும், பிறகுதான் யோசிக்கும். நின்று கொண்டிருக்கும்போது காது பின்னால் ஒட்டுவது, வால் சுழற்றுவது, முதுகு இறுகுவது எல்லாம் முன்னறிவிப்பு. சின்ன வயதில் இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கும், பெயர் வைக்காமல்.

அடுத்தது, நம் பக்கத்துப் பயிற்சி இடங்களில் பல குதிரைகள் பந்தயத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவை. ஐரோப்பாவில் எழுதிய புத்தகங்கள் பெரும்பாலும் பள்ளிக்கென்றே பழக்கிய குதிரையை மனதில் வைத்து எழுதியவை. பந்தயக் குதிரை, கடிவாளம் இறுகினால் அதன் மேல் சாய்ந்து ஓடப் பழகியது. நீங்கள் பயத்தில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் அதற்கு 'நில்' என்று புரியாது, 'போ' என்று புரியலாம். உங்கள் குதிரை எங்கிருந்து வந்தது என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். அப்படிப்பட்டது என்றால் பிடித்து இழுப்பதற்குப் பதில் பிடி, தளர்த்து, பிடி, தளர்த்து என்று செய்ய வேண்டும். விடுவதுதான் அதற்குக் கிடைக்கும் பதில். அழுத்தம் கொடுத்து, கேட்டவுடன் விடுவது என்ற இந்த ஒரு கொள்கையைக் குதிரைப் பயிற்சி பற்றிய எந்த நல்ல புத்தகமும் விளக்கும், அந்த அத்தியாயத்தைத் தேடிப் படியுங்கள்.

பராமரிப்புக்கு, பிரிட்டனில் சிறுவர்களுக்குச் சவாரி கற்றுத்தரும் அமைப்பான போனி கிளப் வெளியிடும் 'தி மேனுவல் ஆஃப் ஹார்ஸ்மேன்ஷிப்' நல்லது. 1950இல் முதலில் வந்தது, பல பதிப்பு கண்டது. சிறுவர்களுக்காக எழுதியது என்று ஒதுக்க வேண்டாம். சேணம் போடுவது, குளம்பு சுத்தம் செய்வது, காயம் பார்ப்பது எல்லாம் தெளிவாக இருக்கும். ஆனால் பனிக்காலப் போர்வை, ரோமம் கத்தரிப்பது போன்ற பக்கங்களைச் சேலத்துக்காரர் தாண்டிவிடலாம். தீனிப் பகுதியையும் அப்படியே எடுக்க முடியாது. அங்கே ஓட்ஸ், உலர்புல். இங்கே கொள்ளு, கோதுமைத் தவிடு, நேப்பியர் புல், குதிரைமசால் என்ற பயறுவகைத் தீவனம். தவிடு அதிகமானால் பாஸ்பரஸ் கூடி எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறையும். சில வெப்பநாட்டுப் புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற உப்பும் அதையே செய்யும். குதிரைமசால் சேர்த்தால் அந்தக் குறை ஓரளவு ஈடாகும். தீவனத்தின் பெரும்பங்கு புல்லாகவே இருக்க வேண்டும். உலர்ந்த எடையில் கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்குக் குதிரையின் எடையில் 1.5 முதல் 2 சதவீதம்.

குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. அதனால் வயிற்றுவலி அதற்கு உயிர்ப் பிரச்சினை. வயிற்றுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைச் சீய்ப்பது, சாணி போடாமல் இருப்பது, புரள்வது. இதில் எதையாவது பார்த்தால் சவாரியை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள். குதிரைச் சொந்தக்காரர்தான் பார்க்க வேண்டும் என்று இல்லை, மேலே ஏறுகிற எல்லோருக்கும் இது தெரிய வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

நீங்களும் டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தியூரான்:

தமிழில் கேட்டீர்களே, அதற்காக எழுதுகிறேன். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம் நகுலர் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைப் பதிப்பித்திருக்கிறது. எங்கள் ஊர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு வந்து பாருங்கள். மார்வாரி, கத்தியவாரி என்று எத்தனை இனக் குதிரை வருகிறது! காதின் நுனி உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும் அழகைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். இன்றைக்கும் வாங்குகிறவர்கள் உடம்பில் உள்ள முடிச் சுழி பார்த்துத்தான் வாங்குகிறார்கள். திருவிளையாடல் புராணத்தில் சொக்கநாதரே குதிரை வியாபாரியாக வந்து குதிரை இலக்கணம் சொல்கிறார். நமக்கு இல்லாத குதிரை நூலா?

கன்னங்குறிச்சி:

அந்தியூர் அண்ணா, அந்தச் சந்தை எனக்கும் உயிர். ஆனால் ஏற்காட்டுப்பெண் கேட்டது சேணத்தில் எப்படி உட்காருவது என்று. சாஸ்திர நூல்கள் குதிரையின் குறி, நிறம், சுழி, நோய் என்று போகின்றன. நல்ல குதிரையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அரசனுக்கும் அதிகாரிக்கும் அது தேவை. இவருடைய இடுப்பு இறுக்கத்துக்கு அதில் பதில் கிடைக்காது. ஆசைக்குப் படிக்கட்டும், அதற்கு எனக்கு முழு சம்மதம். புறநானூற்றில் பொன்முடியார் பாட்டு ஒன்று, 299ஆவது. உழுந்துச் சக்கை தின்ற சிற்றூர் மன்னனின் குதிரை படையைப் பிளந்துகொண்டு போகிறது, நெய்ச்சோறு தின்ற பெரிய மன்னர்களின் குதிரைகள் தயங்கி நிற்கின்றன. குதிரை பிடித்த யாரும் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

பழைய நூல் என்றால் நான் கையில் எடுக்கச் சொல்வது கிரேக்கர் செனபோன் எழுதிய 'ஆன் ஹார்ஸ்மேன்ஷிப்'. கி.மு. 4ஆம் நூற்றாண்டு. சேணத்தில் காலை ஊன்றும் அங்கவடியே இல்லாத காலம். ஆங்கில மொழிபெயர்ப்பு ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசம், சின்ன நூல். குதிரை வாங்கும்போது முதலில் குளம்பைப் பார் என்று ஆரம்பிக்கிறார், அஸ்திவாரம் சரியில்லாத வீட்டில் மேல்மாடி அழகாக இருந்து என்ன பயன் என்கிறார். எனக்கு அதைவிடப் பிடித்த இடம் வேறு. குதிரை ஒன்றைக் கண்டு மிரண்டால் அடித்து அதன் அருகே கொண்டு போகாதே, அடித்தால் பயம் இரட்டிப்பாகும், நீயே போய் அந்தப் பொருளைத் தொட்டுக் காட்டு, பிறகு மெதுவாகக் கூட்டிப் போ என்று எழுதுகிறார். கோபத்தோடு குதிரையிடம் போகவே கூடாது என்றும் சொல்கிறார். பயம் பற்றிக் கேட்டீர்களே, அந்தப் பக்கத்தை உங்களுக்காகவும் படியுங்கள். குதிரைக்குச் சொன்ன அதே பொறுமையை உங்கள் உடம்புக்கும் காட்டலாம்.

பிசியோ_அஸ்தம்பட்டி:

நான் பிசியோதெரபிஸ்ட். குதிரை ஏறத் தெரியாது, ஆனால் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களின் இடுப்பைத் தினமும் பார்க்கிறேன். நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்தால் தொடையின் முன்பக்கத்தையும் இடுப்பையும் சேர்க்கும் தசை குறுகிவிடும். அது குறுகினால் கால் தளர்ந்து கீழே தொங்காது, முழங்கால் மேலே ஏறும், உடம்பு முன்னால் சாயும். மேலே கன்னங்குறிச்சி ஐயா சொன்ன இடுப்புத் தளர்வு கிடைக்க வேண்டும் என்றால் புத்தகத்தோடு பாயும் விரிக்க வேண்டும். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி மற்றக் காலை முன்னே வைத்து இடுப்பை மெதுவாக முன்னால் தள்ளுங்கள், வலிக்காத அளவுக்கு. ஒற்றைக்காலில் நின்று பல் துலக்குவது சமநிலைக்கு நல்லது. பிரசவத்துக்குப் பிறகு இருமினால் சிறுநீர் கசியும் தொல்லை இருந்தால் ட்ராட்டில் அது கூடும். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லி இடுப்புத்தளத் தசைப் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டில் ஏற்கெனவே பிரச்சினை இருக்கிறவர்கள் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

ஏற்காட்டுப்பெண்:

இதை யாருமே பேசுவதில்லை. எழுதியதற்கு நன்றி. ரொம்பத் தேவையாக இருந்தது.

மலைமேல்:

நாங்கள் சேர்வராயன் மலையில் இருக்கிறோம். நீங்கள் பழகிப் பழகி ஒருநாள் மேலே வந்து ஓட்ட ஆசைப்படுவீர்கள், அதனால் சொல்கிறேன். பயிற்சி வளையத்துக்குள் ஓட்டுவதற்கு எழுதிய புத்தகம் மலைப் பாதைக்குப் போதாது. ஏறும்போது சேணத்தில் இருந்து லேசாக எழும்பி முன்னால் வாருங்கள், பிடரி மயிரைப் பிடித்துக்கொள்ளலாம், கடிவாளத்தில் தொங்கக் கூடாது. இறங்கும்போது நிமிர்ந்து நடுவில் இருந்து, குதிரை தலையை நீட்டிப் பாதை பார்க்க இடம் கொடுங்கள். நேராக இறங்க வேண்டும், சரிவில் குறுக்காகத் திருப்பினால் பின்கால் வழுக்கும்.

அடிவாரத்தில் இருந்து வரும் 20 கொண்டை ஊசி வளைவுத் தார்ச்சாலையில் குதிரையோடு ஆசைப்படவே வேண்டாம். லாடம் தாரில் வழுக்கும், வளைவில் பைக் எப்படி வரும் என்று சொல்ல முடியாது. எஸ்டேட் மண் பாதைதான், அதுவும் அனுமதி கேட்டு. பனி இறங்கிவிட்டால் திரும்பிவிடுங்கள். காட்டெருமை நடமாட்டம் உண்டு, காலையில் எஸ்டேட் ஆட்களிடம் விசாரித்துவிட்டு ஏறுங்கள். தனியாக வேண்டாம்.

ஐந்துரோடு:

இவ்வளவு விஷயம் இருக்கிறதா! சரி, வீடியோவை நான் முழுசாக விட்டுக்கொடுக்க மாட்டேன். அக்கா, கூட வருகிற யாரையாவது உங்களைப் பக்கவாட்டில் இருந்து செல்போனில் எடுக்கச் சொல்லுங்கள். அண்ணா சொன்ன காது, தோள், இடுப்பு, குதிகால் வரிசை நேராக இருக்கிறதா என்று படத்தை நிறுத்திப் பார்க்கலாம். ட்ராட்டில் எந்தக் காலுக்கு எழும்புகிறீர்கள் என்பதும் தெரியும். பயிற்சி வளையத்தின் வெளிப்பக்கம் இருக்கும் முன்கால் முன்னே போகும்போது எழும்ப வேண்டும் என்று என் பயிற்சியாளர் சொல்வார்.

கன்னங்குறிச்சி:

அருமையான யோசனை தம்பி. படிப்பதும் பார்ப்பதும் சேர்ந்தால்தான் முழுமை.

ஏற்காட்டுப்பெண் அவர்களே, இன்னொன்று. வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலில் புதிதாகச் சேர்கிறவர்களைப் பல மாதம் கடிவாளமும் அங்கவடியும் இல்லாமல், நடுவில் நிற்கும் பயிற்சியாளர் பிடிக்கும் நீள்கயிற்றில் குதிரையைச் சுற்ற வைத்தே உட்காரப் பழக்குவார்கள். அந்தப் பள்ளிக்குத் தலைமை தாங்கிய அலோய்ஸ் போடாய்ஸ்கியின் நூல் நமக்கு ரொம்பக் கனமானது, இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஆனால் அந்த முறையைக் கடன் வாங்கலாம். பிள்ளைகள் வகுப்புக்கு முன் இருபது நிமிடம் நீள்கயிற்றில் விடும்படி தனியாகக் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். குதிரையைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். கையில் கடிவாளமே இல்லாததால் இழுக்க வழியில்லை, உங்கள் மூச்சையும் இடுப்பையும் மட்டும் கவனிக்கலாம். படித்தது உடம்பில் இறங்குவது அங்கேதான்.

ஏற்காட்டுப்பெண்:

இந்த வாரமே கேட்கிறேன் அண்ணா. முதலில் 'சென்டர்டு ரைடிங்' வாங்கப் போகிறேன், செனபோனை இன்றிரவே போனில் இறக்கிக்கொள்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, என்ன படித்தேன், குதிரை என்ன சொன்னது என்று ஒவ்வொரு ஞாயிறும் எழுதலாம் என்று இருக்கிறேன்.

டாக்டரிடம் ஒரு கேள்வி. என் எடை 68 கிலோ. பயிற்சி இடத்தில் ஒரு சின்னக் குதிரையும் இருக்கிறது, உயரம் குறைவாக இருப்பதால் பயம் குறையும், அதில் ஏறட்டுமா?

நாமக்கல்_கால்நடை:

வேண்டாம். சேணத்தையும் சேர்த்துக் குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. நம் ஊர் மட்டக்குதிரை 250 கிலோ என்றால் 50 கிலோதான் கணக்கு, அதில் சேணமே ஏழெட்டுக் கிலோ போய்விடும். 450 கிலோ இருக்கும் ஓய்வு பெற்ற பந்தயக் குதிரை என்றால் 90 கிலோ வரை தாங்கும், உங்களுக்குத் தாராளம். அதற்கும் முதுகு நலமாக, வயது மிதமாக இருக்க வேண்டும். உயரம் பயமாக இருந்தால் வயதில் மூத்த, நிதானமான பெரிய குதிரையைக் கேளுங்கள், ஏறுவதற்கு ஒரு மேடை வைக்கச் சொல்லுங்கள். தரையில் இருந்து தொங்கி ஏறினால் குதிரையின் முதுகும் ஒரு பக்கமாக இழுபடும்.

தலைக்கவசம் சவாரிக்கென்றே செய்ததாக இருக்கட்டும், ஏஎஸ்டிஎம் எஃப்1163 என்ற பாதுகாப்புத் தரக் குறியீடு உள்ளே அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். சைக்கிள் கவசம் சரிப்படாது. ஒருமுறை விழுந்து தலை அடிபட்டால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிட வேண்டும். குதிகால் வைத்த காலணி, அங்கவடி காலணியை விட ஒரு அங்குலமாவது அகலம். மார்ச் மாதம் வந்துவிட்டால் சேலம் வெயிலில் காலை ஏழரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, வியர்வை அடங்கும் வரை நிழலில் நடத்துங்கள்.